நாற்பத்து நான்காவது கத்தி

ஆதம்பாவாவின் முதல் கத்தி இன்றைக்கும் மட்டக்களப்பு வாவிக்குள்தான் கிடக்கிறது.

அது யுத்த காலம். காத்தான்குடியிலிருந்து பட்டணத்துத் துணிக்கடை ஒன்றுக்கு நாளும் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்த இருபத்து நான்கு வயது இளைஞர் அவர். முதல் சம்பளத்தில் எலும்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்று வாங்கினார். அதனால் எதையும் வெட்டியதில்லை. விரிப்பார், அலகில் முகம் பார்ப்பார், மடக்குவார். மடங்கும்போது எழும் அந்தச் சின்னச் சத்தம் நெஞ்சுக்குள் இனித்தது. பதினொரு நாள்தான் அந்த இன்பம். பன்னிரண்டாம் நாள் கல்லடிப் பாலத்தின் நடுவே வந்தபோதுதான் பார்த்தார், அந்தக் கரையில் ஆமிக்காரர்கள் எல்லாரையும் இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மடியில் கத்தியோடு அகப்பட்டால் வீடு திரும்புவது நிச்சயமில்லை. செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, பாலத்துக் கம்பிகளுக்கு இடையால் கத்தியை நழுவவிட்டார்.

இனி ஒரு கத்தியையும் கைவிடுவதில்லை என்று அன்றைக்கு ஒரு சபதம் எடுத்தார். அதை அவர் மறந்து தொலைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பிறகு கல்யாணம். பிறகு கட்டார். இருபது வருடம் டோஹாவில் ஒரு களஞ்சியசாலையில் வேலை. லீவில் வரும்போதெல்லாம் மனைவி ஸாதியாவுக்கும் மகள் பர்ஸானாவுக்கும் உடுப்பும் அத்தரும் கொண்டுவருவார். தனக்கென்று இரண்டொரு கத்தி. ஜப்பான் கத்தி, ஜேர்மன் கத்தி, மான்கொம்புப் பிடி, நீரோட்டம்போல் வரி ஓடும் உருக்கு என்று நாற்பத்து மூன்று சேர்ந்தன. கண்ணாடி அலுமாரியில் பச்சைத் துணி விரித்து அடுக்கி, பூட்டி, சாவியை இடுப்பு வாரில் கொழுவிக்கொண்டார். ஊரோடு திரும்பிய பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து வந்து ஒவ்வொன்றாகத் துடைப்பார். பூசுகிற எண்ணெய் ஸாதியாவின் தையல் மெசினுக்கு வாங்கிய எண்ணெய்.

கடைகளுக்கு ஹபாயா அங்கி தைத்துக் கொடுப்பவள் ஸாதியா. அவளுடைய கை ஓடும் வேகத்துக்கு ஊரில் நல்ல பேர் இருந்தது. ஆனால் அவளுடைய குசினியில் இருந்தது ஒரே ஒரு கத்தி. கல்யாணத்தோடு வந்தது. தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உரசி உரசி அலகு மெலிந்து, கூர் செத்துப் போன கத்தி.

"இஞ்ச பாருங்க, அலுமாரியில நாப்பது தூங்குது. ஒண்ட எழுப்பித் தாங்களன். இது தக்காளிய வெட்டல்ல, கொஞ்சுது."

"அதுகள் மீன் வெட்டுற சாமானா புள்ள? கீறல் விழுந்தா போச்சு. ஒனக்குக் கடையில ஒண்டு வாங்கித் தாறன்."

அந்தக் கடைக் கத்தி வரவே இல்லை. அவள் ஒருமுறையா கேட்டாள்? சிரித்துக் கேட்டாள், கோபித்துக் கேட்டாள், பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஏறாவூரிலிருந்து பாஹிம் வந்திருந்தார். அவருக்கும் கத்திப் பைத்தியம். புதிதாக வந்த ஜப்பான் கத்தியைக் காட்டத்தான் ஆதம்பாவா அவரைப் பகல் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். அலகின்மேல் கடதாசியை வைத்ததும் அது தானாக இரண்டானது.

"அடேயப்பா! பயமா இரிக்கி மச்சான், இதக் கையில எடுக்கவே."

"கூர்க் கத்திக்குப் பயப்படத் தேவல்ல பாஹிம். அது சொல்லுக் கேக்கும். மொட்டைக் கத்திதான் ஆளை வெட்டும். வெட்டுப்படல்ல எண்டு அமத்துவம், வழுக்கும், முடிஞ்சி."

சொல்லி வாய் மூடவில்லை, குசினியில் தட்டு விழுந்தது.

விருந்தாளிக்கென்று வாங்கிய பெரிய மீனின் தலையைப் பிளக்க ஸாதியா பலம்கொண்ட மட்டும் அமத்தியிருக்கிறாள். ஈரக் கை பிடியிலிருந்து வழுக்கி அலகுக்குப் போய்விட்டது. எந்தக் கத்தியிலும் பிடியோடு ஒட்டிய விரலளவு இடம் பாவனைப்படாமல், கூர் போகாமல் இருக்கும். கத்தி தெரிந்தவர்களுக்கு இது தெரியும். அந்த விரலளவு போதுமாயிருந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நரம்பு அறுந்திருக்கிறது என்றார்.

"என்னம்மா, எப்படிப்பட்ட கத்தி?"

ஸாதியா கணவனை ஒருமுறை பார்த்தாள்.

"நல்ல கூர்க் கத்தி டொக்டர். நான்தான் கவனமில்லாம வெட்டினன்."

பக்கத்தில்தான் ஆதம்பாவா நின்றார். இல்லை டொக்டர், அது மொட்டைக் கத்தி, குற்றம் என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாஹிமும் பக்கத்தில் நின்றார். ஆதம்பாவா வாய் திறக்கவில்லை.

விரல்கள் மடங்கவில்லை. மெசினுக்கு உறை போட்டாயிற்று. சமையல் மகள் கைக்குப் போனது. கணவன் மனைவிக்குள் பேச்சு இருந்தது, சாப்பாடு இருந்தது, அந்த நாளைப் பற்றிய கதை மட்டும் இல்லை. ஆதம்பாவா கத்தி வாங்குவதை நிறுத்தினார். கண்ணாடியில் தூசு படிந்தது.

போன மாதம் ஒருநாள், பர்ஸானா கறிக்கு அரிவதை ஸாதியா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மடங்காத அந்த இரண்டு விரலும் மெல்ல அசைந்தன. அதை ஆதம்பாவா கண்டார். அறைக்குள் போய்த் தன்னுடைய இரண்டு விரல்களைக் குச்சி வைத்துக் கட்டிக்கொண்டு, அலுமாரியைத் திறந்து, நாற்பத்து மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். ஒன்றுகூடக் கைக்குள் நிற்கவில்லை.

விரல் மடங்காத கைக்கு ஏற்ற கத்தி உண்டா என்று பாஹிமிடம் கேட்டார். கொழும்பிலிருந்து பார்சல் வந்தது. பிறைபோல வளைந்த அலகு. அதன் முதுகில் உருண்டைப் பிடி. விரல் வேண்டாம், உள்ளங்கையால் அமத்தினால் போதும்.

மறுநாள் காலையில் பலகையும் வெங்காயமும் அதுவுமாகக் குசினி மேசையில் வைத்தார்.

"இது எத்தினாவது?" ஸாதியா கேட்டாள்.

"நாப்பத்து நாலு."

"அலுமாரியில இடம் இரிக்கா?"

"இது ஒனக்குப் புள்ள."

அவள் வெங்காயத்தைப் பலகையின் நடுவே தள்ளினாள். பிறகு உள்ளங்கையை வைத்து அமத்தினாள். வெங்காயம் இரண்டானது. இன்னொருமுறை. நாலானது. நான்கு வருடத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு சிறுபிள்ளையின் சிரிப்பு வந்துவிட்டுப் போனது.

"இது வந்துசேர எத்தின நாள் எடுத்த?"

"மூணு நாள்."

"மூணு நாள்தானா?"

ஆதம்பாவா கதிரையைப் பிடித்துக்கொண்டார். "அண்டைக்கு டொக்டர்ட்ட நீ எனக்காகப் பொய் சொன்ன. நான் கல்லு மாதிரி நிண்டன். அது என்ட குத்தம் ஸாதியா. நான் தந்திருக்கோணும்."

"கை நொந்தது மூணு மாசம்" என்றாள் அவள், வெங்காயத்தைப் பார்த்தபடி. "நீங்க பேசாம நிண்டது இண்டைக்கும் நோகுது. இதச் சொல்ல நாலு வருசமா உங்களுக்கு?"

அவள் மீதி வெங்காயத்தை அரிந்தாள். துண்டுகள் ஒரு அளவில் இல்லை. அவளுடைய பழைய கைக்கு அது வெட்கம். இரண்டு விரலும் ஒத்துழைக்காமல் மேலே நீட்டிக்கொண்டு நின்றன.

அரிந்து முடித்து, கத்தியைத் தானே கழுவி, துடைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள். அவர் இன்னும் அங்கேயே நிற்பதைத் திரும்பிப் பார்த்தாள்.

"மீனுக்குப் போங்க, வெயில் ஏறுது. சின்ன மீனாப் பாத்து வாங்குங்க. பெரிய மீன் இனி என்ட கைக்கு ஏலாது."