கவிழ்த்து வைத்த ராஜா ராணி தட்டு

இங்கிலாந்து ராஜா ராணி படம் போட்ட பழைய சாமான்களை ஏலத்தில் விற்கிற தொழிலில் சரக்கைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வைத்திருப்பவரிடம் விலை கேட்டுவிட்டு முழுசாக வீடு திரும்புவதுதான் கஷ்டம். தீப்பெட்டிப் படம், ஸ்டாம்ப், செல்லாத நாணயம் என்று எதையாவது சேர்த்து வைத்துக்கொண்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் அன்பர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எனக்குத் திருக்கனூர் கடைத்தெருவில் பாத்திரக் கடை. பழைய பாத்திரத்தை எடைக்குப் போட்டுப் புதுசு வாங்க வந்தவர்களின் குவியலில் ஒரு நாள் தகர டப்பா ஒன்று கிடைத்தது. மூடியில் தாடி வைத்த ராஜாவும் முத்துமாலை போட்ட ராணியும். முடிசூட்டு விழாவுக்காக அந்தக் காலத்தில் செய்த பிஸ்கெட் டப்பா. சென்னையில் இருக்கும் ஒரு ஏலக் கம்பெனிக்குப் படம் அனுப்பினேன். ஆன்லைன் ஏலத்தில் லண்டன்காரர் ஒருவர் போட்டி போட்டு எடுத்தார். அன்று பிடித்த பித்து, கோப்பை, பதக்கம், தட்டு என்று வளர்ந்து கடையில் பாதியைப் பிடித்துக்கொண்டது. அதில் முக்கால்வாசி துருவும் விரிசலும்தான். ஏலத்துக்குத் தேறியது எட்டே எட்டு.

அந்தப் பாதிக் கடையில் காஸ் அடுப்பு வைத்து விற்க வேண்டும் என்பது என் மனைவி கலாவதியின் பல வருஷத்து ஆசை. பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுவது அவள்தான். மெஷின் ஊசியைப் பிடித்தாள் என்றால் எழுத்து அச்சடித்த மாதிரி விழும். இருபது நல்ல உருப்படி சேர்ந்தால் கேட்லாக்கில் எனக்கென்று தனிப் பகுதி தருவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. அதைக் கேட்டுவிட்டு அவள் கெடு வைத்தாள்: "பொங்கல் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இருபது சேரலன்னா உங்க ராஜா ராணியெல்லாம் பரண் மேல ஏறட்டும், என் அடுப்பு கடைக்கு வரட்டும்."

குங்குமம் வைத்த மகாராணி

அரியூரில் மருத்துவக் கல்லூரிப் பக்கம் டிபன் கடை வைத்திருக்கும் சரோஜா அக்கா வீட்டில் மகாராணி முகம் போட்ட பெரிய வெள்ளிப் பதக்கம் இருப்பதாகத் தகவல் கிடைத்தது. பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். இருந்தது, சாமி அலமாரியில், லட்சுமி படத்துக்குப் பக்கத்தில், நெற்றியில் குங்குமத்தோடு, வெள்ளிக்கிழமைப் பூவோடு. அக்காவுக்கு விவரம் தெரியவில்லை என்று நினைத்து, பக்குவமாக, "அக்கா, இது சாமி இல்லை. இங்கிலாந்து மகாராணி" என்றேன்.

அக்கா கரண்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை. "தெரியும் தம்பி. அம்மாம் பெரிய தேசத்த ஆண்ட பொம்பள, எங்க வூட்டு அரிசிப் பானையப் பாத்துக்க மாட்டாங்களா இன்னா?"

தாத்தா ஓட்டி வந்த மாடு

வில்லியனூரில் ஒரு மளிகைக்காரர் பழைய தகர டப்பாக்களில்தான் இன்னும் கடுகும் வெந்தயமும் போட்டு வைத்திருக்கிறார். மேல் தட்டு வரை ஏணி போட்டு ஏறித் தேடினேன். கிளி இருந்தது, குதிரை இருந்தது, கப்பல் இருந்தது. ராஜா மட்டும் இல்லை. தும்மிக்கொண்டே இறங்கி, ஒன்றுகூட இல்லையா என்று கேட்டேன். அந்த ராஜா காலத்தில் நம் ஊர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது என்பதே அந்த நேரத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது. நான்கு வயல் தாண்டினால் இங்கிலீஷ்காரர் எல்லை. அங்கே கொடுமை தாங்காதவர்கள் இங்கே வருவார்கள். இங்கே தாங்காதவர்கள் அங்கே போவார்கள்.

அவருக்கு எதுவும் மறக்கவில்லை. "இங்கிலீஷ் ராஜாவுக்கு வரி கட்ட முடியாதுன்னுதான் எங்க தாத்தா மாடு கன்னெல்லாம் ஓட்டினு இந்தப் பக்கம் வந்தாரு. வர்றப்ப அந்த ராஜா மூஞ்சியையும் தூக்கினு வந்திருப்பாருன்னு நெனக்கிறியா நீ?"

வெள்ளிக்கிழமை புறப்பாடு

பாகூரில் தண்டபாணி என்கிற விவசாயி ஒரு முடிசூட்டுப் பதக்கம் காட்டினார். செம்பில் செய்து மேலே லேசாகப் பொன் பூசியது. நூறு வருஷத்து அழுக்கு அதன் மேல் அழகாகப் படிந்து கிடந்தது. இந்தத் தொழிலில் அழுக்குதான் மரியாதை. அழுக்கு போனால் விலை போச்சு. இதை அவரிடம் சொல்லாமல், சீமைக்காரர் ஏலத்தில் எடுப்பார், வெள்ளிக்கிழமை கடைக்குக் கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். முட்டாள்தனம் என்னுடையதுதான்.

வெள்ளிக்கிழமை வந்தார். மஞ்சள் துணியைப் பிரித்தார். கண் கூசியது. புளி போட்டு, சாம்பல் போட்டு, தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்திருந்தார்கள். பூச்சு மொத்தமும் போய்விட்டது. ராஜாவின் மூக்கும் அதோடு போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "சீமைக்குப் போறவர மூஞ்சி கழுவாம எப்படி சார் அனுப்பறது?"

நீலத் துணி

கார்த்திகை பிறந்தபோது என்னிடம் பதினொரு உருப்படிகள் இருந்தன. அப்போதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக அதிர்ஷ்டம் கடை வாசலில் வந்து நின்றது. எடைக்கு வந்த மூட்டையில் ஒரு பித்தளைத் தட்டு. நடுவில் ராஜாவும் ராணியும் புடைத்து நிற்கிறார்கள், விளிம்பு சுற்றிலும் பூவேலை, முதுகில் செய்தவர் முத்திரை. எடைக் கணக்கை விட்டுவிட்டு, கொண்டுவந்தவர் வாயடைத்துப் போகும் விலை கொடுத்து வாங்கினேன். படத்தைப் பார்த்த கம்பெனிக்காரர்கள், "இது இருந்தால் பன்னிரண்டே போதும், கேட்லாக் அட்டையில் இதைத்தான் போடப்போகிறோம். முதுகையும் தெளிவாக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்" என்றார்கள். தட்டோடு சேர்த்துப் பன்னிரண்டு. பாதிக் கடை எனக்கு நிச்சயம்.

கடையில் இருந்த நீலத் துணியை விரித்து, தட்டைக் கவிழ்த்துப் படம் எடுத்தேன். யாரோ அண்டா விலை கேட்டார்கள், எழுந்து போனேன். அந்த நீலத் துணி கலாவதியுடையது. அதன் மேல் இருக்கும் பாத்திரம் எல்லாம் பெயர் வெட்ட வேண்டியவை என்பது எங்கள் கடைச் சட்டம். அன்று செல்லிப்பட்டுக் கல்யாணத்துக்கு ஐம்பத்தோரு சீர்ப் பாத்திரங்கள் அதில் வரிசையாக இருந்தன. தட்டு ஐம்பத்திரண்டாவது ஆகிவிட்டது. நான் திரும்பி வந்தபோது செய்தவர் முத்திரையின் மேலேயே, முத்து முத்தாக, "ர. கோமதி, செல்லிப்பட்டு."

நான் கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "வேணும்னுதானே பண்ணினே? அடுப்பு வைக்கணும்னுதானே?" என்று கேட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவளை நான் கேட்ட மிகக் கேவலமான கேள்வி அது. கலாவதி மெஷினை நிறுத்தினாள். குரலை உயர்த்தவில்லை. "கவுத்து வச்சா எல்லாத் தட்டும் ஒண்ணுதான். நீலத் துணி மேல அத வச்சது யாருன்னு மட்டும் சொல்லுங்க."

கோமதியின் அப்பா

கம்பெனிக்கு உண்மையை எழுதினேன். முத்திரை மேல் புதுக் கீறல் என்றால் அட்டைப் படம் கிடையாது, பழையபடி இருபது வேண்டும் என்று பதில் வந்தது. கலாவதி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வந்தது, குழம்பில் உப்பில்லாமல். மூன்றாம் நாள், மெருகு போட்டுப் பெயரை அழித்துப் பார்க்கலாம் என்று தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துச் சீர்ப் பாத்திரத்தை ஏற்ற டாட்டா ஏஸ் வண்டியில் வந்து இறங்கினார் ரங்கநாதன், கோமதியின் அப்பா. கரும்பு போடுகிறவர். மடியில் இருந்த தட்டில் மகள் பெயரைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் என்னைச் சுட்டது. "தட்டு எங்களுக்கு வேணாங்க, நாங்க கேட்டது அம்பத்தொண்ணுதான். ஆனா கல்யாணப் பொண்ணு பேர மட்டும் அழிக்காதீங்க. மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு."

பெயர் சொன்ன பொருள்

தட்டைக் கொடுத்துவிட்டேன். காசு வாங்கவில்லை. தருமசிந்தனை எல்லாம் இல்லை. அந்தப் பெயரை அழித்திருந்தால் கலாவதியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம். டாட்டா ஏஸ் கிளம்பியதும் அவளிடம் போய், "நான்தான் வச்சேன். கேட்டது தப்பு" என்றேன். "தெரியுதில்ல" என்றாள். அன்று குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

கல்யாணத்தில் சீர் பரப்பியபோது ராஜா ராணி தட்டுதான் நடுவில் இருந்தது, மேலே தேங்காயும் ஆப்பிளும். வந்தவர்கள் எல்லாம் யார் இவர்கள், எங்கே வாங்கியது என்று கேட்க, ரங்கநாதன் ஒவ்வொருவருக்கும் முழுக்கதையும் சொல்லியிருக்கிறார். மறுநாளில் இருந்து கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மஞ்சள் பையில், தலையணை உறையில், ஒருவர் ஹெல்மெட்டுக்குள் வைத்து. பீங்கான் கோப்பை, பள்ளிக்கூடத்தில் கொடுத்த பதக்கம், எனாமல் தட்டு, சாக்லேட் டப்பா. வருஷம் முழுக்க நான் தேடிப்போய் வசவு வாங்கிய சாமான்கள் எல்லாம் தானாக நடந்து வந்தன. தேய்க்கக் கூடாது என்று வாசலிலேயே எழுதி வைத்தேன். ஏலத்தில் விற்றுத் தரச் சொல்லிக் கோப்பை கொண்டுவந்த பெரியவருக்கு ரசீது எழுத உட்கார்ந்தபோது கையமர்த்தினார். "பொண்ணு பேர் வெட்டிட்டோம்னு தட்டையே தூக்கிக் குடுத்த ஆளு நீ. உன்கிட்ட எனக்கு இன்னாத்துக்குப்பா சீட்டு?"

இருபத்து மூன்று

போகிக்கு முந்தின நாள் எண்ணிப் பார்த்தோம்: இருபத்து மூன்று. கேட்லாக்கில் தனிப் பகுதி வந்தது, மேலே திருக்கனூர் என்று ஊர்ப்பெயரோடு. ஏலத்தன்று செல்போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். பெரியவரின் கோப்பைக்கு விலை ஏற ஏற, கலாவதி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பதக்கங்களைத் தவிர எல்லாம் விலை போயின. பெரியவரைப் போனில் அழைத்து விலையைச் சொன்னபோது அவர் இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மறுநாள் கடைக்கு வந்தால் நான்கு காஸ் அடுப்புகள் இறங்கியிருந்தன. நான் ஜெயித்துவிட்டேனே என்று ஆரம்பித்தேன். கலாவதி துடைத்துக்கொண்டிருந்த துணியால் என்னை ஓரம் தள்ளினாள். "உங்க ராஜா ராணி கண்ணுக்கு நேரா மேல் தட்டுல நிக்கட்டும், என் அடுப்பு கீழ இருக்கட்டும். அடுப்பு வாங்க வர்றவங்க எப்படியும் குனிஞ்சிதான் பாப்பாங்க."

ஆக, சூரியன் மறையாத சாம்ராஜ்யம் இப்போது திருக்கனூரில் ஒரு மேல் தட்டில், நாலு காஸ் அடுப்புகளுக்கு மேலே, என் மனைவியின் தயவில் நல்லபடியாக நடந்துகொண்டிருக்கிறது.