வண்டி எங்கே நின்றது?

பழைய காருக்கு நல்ல விலை வரும் என்று என் வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். முதல் ஓனர் நாங்கள்தான். கோயில், கல்யாணம் தவிர வண்டி வெளியே போனதில்லை. வாசலில் நிறுத்தியதும் கவர் போட்டுவிடுவார். காலையில் அதன் மேல் படிந்திருக்கும் செம்மண் நிறத் தூசியை உதறிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். என்னை ஒருநாளும் அப்படிக் கவனித்ததில்லை என்று நான் குத்திக் காட்டாத நாளில்லை.

கும்மிடிப்பூண்டியில் புகை கக்கும் கம்பெனிகளை ஒட்டிய தெரு எங்களுடையது. இங்கே நின்ற வண்டி என்றால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். அதனால் விற்கிறவர்கள் எல்லோரும் ஒரே பொய்யைச் சொல்வார்கள்: வண்டி பொன்னேரியில் மச்சான் வீட்டில் நின்றது. நாங்களும் அதையே சொல்வதாக இருந்தோம்.

புரோக்கர் வண்டியைப் பார்க்க வந்த அன்று, தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் மாடியில் படுத்திருந்தாள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும், எனக்கு வேறு நினைப்பே இல்லை.

புரோக்கர் இன்ஜினை ஓட்டிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு ஈரத்துணியால் மேல்கூரையைத் துடைத்து, உள்ளங்கையால் தடவினார். பாதியில் கை நின்றது.

"வண்டி எங்க நிக்கும் நைனா?"

"பொன்னேரில. மச்சான் ஊட்ல."

புரோக்கர் சிரித்தார். "தடவிப் பாரு. உப்புத்தாள் மாதிரி கீது. பொன்னேரி வண்டி இப்டி இருக்காது."

என் வீட்டுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இதே வாசல்ல, ஒருநாள்கூட கவர் போடாம உட்டதில்ல, தெரியுமா?"

புரோக்கருக்குச் சிரிப்பு போய்விட்டது. "கவர் போட்டே இப்டியா?" என்று கேட்டுவிட்டு, எங்கள் வீட்டை அண்ணாந்து பார்த்தார்.

இவர் பேரம் பேசத் தொடங்கினார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. எங்களுக்கு எந்தக் கவர் இருந்தது? மகளும் இந்தத் தெருவில்தான் வளர்ந்தாள். மாடிக்கு ஓடி ஜன்னலைச் சாத்தினேன்.

"ஏம்மா மூட்ற? வேர்க்குது."

"துணியெல்லாம் எடுத்து வை. சாயந்திரமே உன் மாமியார் ஊட்டுக்குப் போயிடு."

தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பும் தாயை எங்கள் பக்கம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்?"

நான் அவள் பையை எடுத்துத் துணிகளை அடுக்கத் தொடங்கினேன்.