நாற்பத்தொன்றாம் பக்கம்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்குக் கதை கட்ட வராது. நடந்தது ராத்திரிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல்.

அட்டைப்பெட்டி செய்யும் ஆலை ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அதே ஆலையில் பதினெட்டு வருஷமாக அட்டை ஒட்டுகிறாள் அம்மா. எங்கள் வம்சத்திலேயே கல்லூரி வாசலை மிதித்தவள் நான்தான். அதை மேனேஜர் தினமும் சொல்லிக் காட்டுவார், என்னவோ அவர்தான் எனக்கு ஃபீஸ் கட்டியதுபோல.

அன்று ஆலை லீவு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். 2:10க்கு முடிந்தது. சோதனைக்காக விபத்துப் பதிவேட்டின் ஸ்கேன் ஃபைலை டாக்குமென்ட் வியூவரில் திறந்தேன். முதல் நாற்பது பக்கங்களும் பளிச்சென்று இருந்தன. நாற்பத்தொன்றில் மட்டும் நடுவில் ஒரு கறுப்புக் கட்டம். பழைய பதிப்பில் அந்த இடம் வெறும் வெள்ளை.

மேனேஜருக்குப் போன் போட்டேன்.

“அது வெள்ளையாத்தான் இருக்கணும். நாளைக்குப் பத்து மணிக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றார். சரி பண்ணு. இல்லேன்னா நீயும் வேண்டாம், உங்கம்மாவும் வேண்டாம்.”

ஒரு கட்டத்துக்கு இவ்வளவு ஆத்திரமா? ஆனாலும் அம்மா முகம் கண்ணில் நின்றது. உட்கார்ந்தேன்.

2:35. வியூவரின் செட்டிங்ஸை அழித்துப் பார்த்தேன். அதே கறுப்பு.

2:50. வேறொரு வியூவரில் திறந்தேன். அதே கறுப்பு.

3:05. புதிதாக ஒரு யூசர் கணக்கு உருவாக்கி, அதில் திறந்தேன். நேராக நாற்பத்தொன்றாம் பக்கத்தில் போய் நின்றது. கடைசியாகப் பார்த்த பக்கத்தை வியூவர் ஞாபகம் வைத்திருக்கும், சரி. ஆனால் இந்தக் கணக்கு பிறந்தே ஒரு நிமிஷம்தான் ஆகிறது. இதில் யார் பார்த்தது...?

3:20. பெரிதாக்கினேன். அது கட்டம் இல்லை. நெருக்கமான கோடுகள். வளைந்து வளைந்து, நடுவில் ஒரு சுழி.

கட்டைவிரல் ரேகை.

ஸ்கிரீனில் அழுக்கோ என்று என் வலது கட்டைவிரலால் தேய்த்தேன். ஜில்லென்று இருந்தது. ஈரம். ஒரு நொடி விரல் ஒட்டிக்கொண்டது... பிடுங்கினேன்.

3:31. கீழ்த்தளத்திலிருந்து...

தட்... தட்... தட்...

கட்டிங் மிஷின். வாட்ச்மேன் அண்ணனைப் போனில் கூப்பிட்டேன்.

“அண்ணே, கீழ மிஷின் ஓட்டுறது யாரு?”

“யாரும்மா ஓட்டுவா? மிஷின் மெயினே ஆஃப். சாவி என் இடுப்புல இருக்கு.”

“சத்தம் கேக்குதே...”

“எனக்கு ஒண்ணும் கேக்கலியே.”

3:40. கறுப்பு கரையத் தொடங்கியது. நான் மவுஸைத் தொடவில்லை. அடியில் கையெழுத்து தெரிந்தது. வரி வரியாக...

‘தொழிலாளி எண் 117. பெண். வயது 23. கட்டிங் மிஷின். பழுது என்று இருமுறை புகார். சரிசெய்யப்படவில்லை. மரணம், பிற்பகல் 3:47.’

மணி பார்த்தேன். 3:46.

தட்... தட்...

3:47.

நின்றது.

போன் அலறியது. மேனேஜர்.

“சரியாச்சா?”

“சரியாயிடுச்சு சார்.”

பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

மறுநாள் பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் முன்னால் அதை நானே திறந்து காட்டினேன். பேயறைந்தவர்போல நின்றது மேனேஜர்தான். மிஷினுக்கு சீல் வைத்தார்கள். அந்த வாரமே எனக்கும் அம்மாவுக்கும் வேலை போனது. போகட்டும்.

ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தத் திங்கட்கிழமை காலை 8:52க்கு வருகைப்பதிவு மிஷினில் வலது கட்டைவிரலை வைத்தேன். என் எண் வரவில்லை.

‘117. வருகை பதிவானது.’

சாயங்காலம், 117 யார் என்று மட்டும் அம்மாவிடம் கேட்டேன். தலை சீவிக்கொண்டிருந்த கை நின்றது.

“எனக்குப் பக்கத்துல வேலை பார்த்த பொண்ணுடி. நீ காலேஜ் சேர்ந்த வருஷம். கை மிஷினுக்குள்ள போயிருச்சு. சிதறினதையெல்லாம் பொறுக்கித் துணியில சுத்திக் கொடுத்தாங்க...”

“எல்லாத்தையுமா?”

“வலது கட்டைவிரல் மட்டும் கடைசிவரைக்கும் கிடைக்கலை.”