நிலக்காரர் வீட்டுக்கு அதிரசம்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் எங்கள் குடும்பம் குத்தகைக்கு நெல் பயிரிட்டு வந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வந்ததும், நாங்கள் வாயில் வைப்பதற்கு முன்பே, அம்மா பிய்யாத அதிரசமாகப் பொறுக்கித் தட்டில் அடுக்கி நிலக்காரர் வீட்டுக்கு அனுப்புவாள். கருகியதும் உடைந்ததும் எங்களுக்கு.

கொண்டுபோவது மூத்த பெண்ணான என் வேலை. அந்த வீட்டம்மா கொல்லைப்புறமாக வரச் சொல்லி, தன் கூடையில் கொட்டச் சொல்வார். எங்கள் தட்டைத் தொடமாட்டார்.

ஒரு வருடம் தட்டை மூடியிருந்த துணியை அங்கேயே மறந்துவிட்டு வந்து, அதை எடுக்கத் திரும்பிப் போனேன். அதிரசம் முழுவதும் கழுநீர்த் தொட்டியில் கிடந்தது. எருமை தின்றுகொண்டிருந்தது.

ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து நிமிரவே இல்லை.

"தெரியும். நான் கண்ணாலம் கட்டிக்கினு வந்த வருசமே பாத்துட்டேன்."

"அப்புறம் இன்னாத்துக்கும்மா குடுக்கறே?"

"குடுக்கலன்னா திமிருன்னுவாங்க. நெலத்தைப் புடுங்கிக்குவாங்க."

அடுத்த வருடம் நான் போகமாட்டேன் என்று அடம்பிடித்தேன். அம்மா என்னைத் திட்டவில்லை. புதுப்புடவையோடு தானே தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தொழிற்பேட்டை வந்தபோது, நிலக்காரர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நிலத்தை விற்றார். பயிர் நின்ற வயலில் சங்கிலி பிடித்து அளக்க வந்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. அதே இடத்தில் கம்பெனி கட்டினார்கள். அப்பா அங்கே செங்கல் சுமக்கப் போனார். கிறிஸ்துமஸுக்குக்கூட லீவு தரவில்லை. அம்மா எங்களை மட்டும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.