காதில் சொன்னால் செல்லாது

பள்ளிக்கூடத்தில் வாயை மூடிக்கொண்ட பிள்ளை வீட்டுக்கு வந்தும் திறக்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் மிஸ் அவளை எழுப்பி இங்கிலீஷ் பாடம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சின்னக் குரல் அவளுக்கு. "சத்தமா, இன்னும் சத்தமா" என்று சொல்லச் சொல்ல அந்தக் குரலும் உள்ளே போய்விட்டது. பெஞ்சு மேல் நிற்க வைத்தார்கள். மற்ற பிள்ளைகள் சிரித்தன. அதோடு சரி. காலையில் வேன் ஹாரன் கேட்டால் வாந்தி. யார் என்ன கேட்டாலும் தலையாட்டல். ஏதாவது வேண்டுமென்றால் என் கழுத்தை இழுத்துக் காதில் சொல்லுவாள்.

என் காதில் மட்டும்தான். இதை எழுதும்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

நான் அவள் அப்பனைப் பெற்ற சொந்த ஆயா இல்லை. அவன் என் தங்கை மகன். தங்கை செத்துப்போன பிறகு அவனை வளர்த்தது நான். எனக்கென்று பிள்ளை கிடையாது. திண்டிவனத்தில் அவன் வீட்டில்தான் இருக்கிறேன். அவன் மனைவிக்கு விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. காலை பஸ்ஸில் போனால் இருட்டித்தான் வருவாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் நான்.

எனக்கும் நாலு பேர் முன்னால் பேச வராது. ரேஷன் கடையில் என் முறை வந்தால் கார்டை நீட்டுவேனே தவிர வாய் திறக்க மாட்டேன். அஞ்சாவது வரை படித்தபோதும் அப்படித்தான் இருந்தேன். அதனால் பிள்ளை பேசாதது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. "பாப்பாவுக்கு இன்னொரு தோச வேணுமாம்", "பாப்பாவுக்கு இந்தச் சட்ட குத்துதாம்" என்று நான் எடுத்துச் சொல்ல, வீடு நடந்துகொண்டிருந்தது.

மருமகளுக்குத்தான் பொறுக்கவில்லை. வேலையை விட்டாள்; பிள்ளையை அந்தப் பள்ளியிலிருந்தும் நிறுத்தினாள். "புது ஸ்கூல் தொறக்குற வரைக்கும் நானே வீட்ல வெச்சு சொல்லிக் குடுக்கறேன் அத்த" என்றாள். முதல் நாளே பிள்ளையை உட்கார வைத்து ஒரு சட்டமும் போட்டாள்.

"ஆயா காதுல சொன்னா செல்லாது. எதுவா இருந்தாலும் வாயத் தொறந்து கேளு."

"கொழந்தம்மா அது" என்றேன்.

"கொழந்தையா இருக்கும்போதே பேசட்டும் அத்த."

அன்றைக்கு மத்தியானம் வரை பிள்ளை தண்ணீர் கேட்காமலே இருந்தது. நான் சொம்பைத் தூக்கப் போனேன். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில், "அம்மா, தண்ணி" என்று ஒரு கரகரத்த குரல். மருமகள் அழுதுகொண்டே மொண்டு கொடுத்தாள். எனக்கும் அழுகை வந்தது. அது வேறு அழுகை.

அப்புறம் தினமும் பாடம். உள் அறையில் பாய் விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்துகொள்வார்கள். நான் வாசல் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். உள்ளேயிருந்து சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு என்னிடம் வந்ததே இல்லை. துடைப்பம் எடுக்க, முறம் தேட என்று ஏதாவது சாக்கு வைத்து உள்ளே போவேன். ஒருநாள் மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, வைத்துக் கணக்கு நடந்தது. பிள்ளை எண்ணி எண்ணி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எண்ணுறதையெல்லாம் தின்னுக்கினே இருந்தா கணக்கு எங்கம்மா வரும்?" என்றேன்.

"தின்னது போவ மிச்சம் எவ்ளோன்னு கேக்கறேன் அத்த. அதான் கழித்தல்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஆறு வருஷம் நான் ஊட்டிய வாய் அது. இப்போது தட்டைத் தானே எடுத்து வைத்துத் தானே பிசைந்து சாப்பிடுகிறது. தூக்கமும் அம்மா பக்கத்தில். என் போர்வைக்குள் இடம் காலியாகக் கிடந்தது.

ஆனால் வெளி ஆள் யாராவது நின்றால் பிள்ளையின் உதடு ஒட்டிக்கொள்ளும். கொத்தமல்லி வாங்கி வரக் கடைக்கு அனுப்பினால் காசை இறுக்கிப் பிடித்தபடி திரும்பி வருவாள். மருமகளுக்கு அதே கவலை.

"புது ஸ்கூல்லயும் இப்படியே நின்னா என்னா அத்த பண்றது?"

"டீச்சரு நீ. என்னக் கேட்டா?" என்றேன்.

பேச வராவிட்டால் என்ன, என் காதுக்குத்தானே வருவாள் என்று மனசின் ஒரு மூலை சொன்னது.

பள்ளி திறக்கும் முன் திருவாமாத்தூர் கோயிலுக்குப் போனோம். அங்கே வட்டப்பாறை என்று ஒன்று உண்டு. அதன் முன்னால் பொய் சொன்னால் பாம்பு கடிக்கும் என்பார்கள். பங்காளித் தகராறு, களவு போன நகை, எதற்கும் எங்கள் பக்கத்து ஆட்கள் அங்கே வந்துதான் சத்தியம் செய்வார்கள். மருமகள் இதைப் பிள்ளைக்கு விளக்கமாகச் சொன்னாள். பிள்ளை கண்ணை உருட்டிக்கொண்டு பாறையைப் பார்த்தது.

எல்லா வீட்டிலும் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்விதான். வீட்டில் கேட்டால் "ரெண்டு பேரும்" என்று தலையாட்டலில் தப்பித்துவிடுவாள். இங்கே முடியாதே என்று எனக்குத் தோன்றியது. குனிந்து, மெதுவாக, "ஆயாவப் புடிக்குமா, அம்மாவப் புடிக்குமா?" என்றேன். பதிலுக்குக் காதையும் காட்டினேன்.

பிள்ளை காதுக்கு வரவில்லை. பாறையை ஒருதரம் பார்த்துவிட்டு, கோயிலே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"அம்மாவத்தான் புடிக்கும்! ஆயா ரெண்டாவது!"

சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். துண்டு போட்ட பெரியவர் ஒருவர், "ரெண்டாவது கெடச்சுதே, சந்தோஷப்படும்மா. எங்க வீட்ல எனக்கு எடமே இல்ல" என்றார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். மருமகள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கேட்டீங்களா அத்த? எவ்ளோ பேரு முன்னாடி! கேட்டீங்களா?"

கேட்டேன். அவள் சந்தோஷம் பிள்ளை பேசியதற்கா, பேசிய பதிலுக்கா என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பிள்ளை முன் சீட்டில் அம்மா மடியில் உட்கார்ந்து, வழியில் வந்த போர்டையெல்லாம் எழுத்துக் கூட்டிக் கத்திக்கொண்டே வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி, "உங்க பேத்திங்களா? என்னமா படிக்குது! நீங்க சொல்லிக் குடுத்ததா?" என்று கேட்டார்கள்.

"ஆமாங்க" என்றேன். பாறைதான் தூரத்தில் போய்விட்டதே.

இப்போது பிள்ளை புதுப் பள்ளிக்குப் போகிறாள். வாந்தி இல்லை. மருமகளும் மறுபடி விழுப்புரம் கடை வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் வேன் வந்து நின்றதும் பையை வாங்குவது, முகம் கழுவிவிடுவது, பால் காய்ச்சுவது எல்லாம் பழையபடி நான்தான். "இன்னிக்கி ஸ்கூல்ல என்னா நடந்துச்சு?" என்று கேட்பேன்.

"அம்மா வரட்டும் ஆயா. ரெண்டு வாட்டியெல்லாம் சொல்ல முடியாது" என்கிறாள்.

இருட்டி அவள் அம்மா வரும்வரைக்கும் நானும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.