பூஜை போட்ட மைக்ராஸ்கோப்

ப்ளஸ் ஒன் படிக்கும்போது மாவட்ட அறிவியல் போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருத்தி நான், திண்டிவனம் டவுன்காரி. இன்னொருத்தி பக்கத்துக் கிராமமான பிரம்மதேசத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற என் தோழி. தலைப்பு நுண்ணுயிரியல். முதல் சுற்று எழுத்துத் தேர்வு. இரண்டாவது சுற்றில் மைக்ராஸ்கோப்பில் ஒரு ஸ்லைடை வைத்திருப்பார்கள். பார்த்து என்ன கிருமி என்று சொல்ல வேண்டும். போட்டி விழுப்புரத்தில்.

எழுத்துத் தேர்வைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. மனப்பாடம் செய்வதற்கு எங்களை நன்றாகவே பழக்கியிருந்தார்கள். உருண்டையாக இருந்தால் காக்கஸ், குச்சியாக இருந்தால் பேசில்லஸ், சுருண்டிருந்தால் ஸ்பைரில்லம். சாயம் போட்டுக் கழுவிய பிறகும் ஊதாவாகவே நிற்பது கிராம் பாசிட்டிவ். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்திருப்பேன். ஆனால் ஒரே ஒரு பாக்டீரியாவைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. எனக்குப் பரிசெல்லாம் அப்புறம்தான். இத்தனை பெயர்களை மண்டையில் ஏற்றி வைத்திருக்கிறேனே, அதில் ஒன்றாவது நிஜமாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அந்த ஆசை ஒரு வெறியாகவே ஆகிவிட்டிருந்தது.

மைக்ராஸ்கோப் இல்லாமல் இல்லை. லேபில் இரும்பு பீரோவுக்குள் இருந்தது. பீரோ சாவி பயாலஜி மிஸ்ஸின் கைப்பையில் இருந்தது. மிஸ் நல்லவர்தான், பாடமும் நன்றாக நடத்துவார். பீரோ என்று வாயைத் திறந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார்.

"ஒடஞ்சா ஆடிட்டுல யாரு பதில் சொல்றது? நீ வந்து சொல்லுவியா?"

"நீங்க பக்கத்துலயே நின்னுக்கினு இருங்க மிஸ். நாங்க பாக்க மட்டும்தான் போறோம்."

"அதான் போன்ல வீடியோ இருக்குதே. புக்குல படம் போட்டிருக்கான். அதே மாதிரிதான் இருக்கும், போ."

பசிக்கிறது என்று வந்தவளிடம் பிரியாணி படத்தைக் காட்டிய மாதிரி இருந்தது எனக்கு.

வீட்டிலும் ஒத்துழைப்பு இப்படித்தான். இட்லி மாவு பொங்குவதே கிருமிகளால்தான் என்று ஒரு நாள் அம்மாவிடம் விளக்கித் தொலைத்தேன். "யாரு ஊட்டு மாவுல கிருமி? காலைல ஆட்டி வச்ச மாவுடி அது!" என்று ஆரம்பித்தவர், அப்பா வந்ததும் அவரிடமும் புகார் வைத்தார். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே, "புழுவப் பத்தி ஒரு போட்டியா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார். அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் எதையும் விளக்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஆயுத பூஜை வந்தது. லீவுக்கு முந்தின நாள் பள்ளியில் பூஜை. மதியம் லேபுக்குள் நுழைந்தால், என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. பீரோ திறந்திருந்தது. மேஜையில் வாழையிலை, பொரி, சுண்டல், பழம். நடுவில் பளபளவென்று துடைத்து, பூ சுற்றி, மைக்ராஸ்கோப். அதற்கு நெற்றி எது என்று தெரியாமல் யாரோ கண் வைத்துப் பார்க்கிற லென்ஸிலேயே சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆயுத பூஜை கிடையாது. அதனால் அதன் சட்டதிட்டம் எனக்குத் தெரியவில்லை. கற்பூரம் அணைந்ததும், இப்போதாவது பார்த்துவிடலாம் என்று கர்ச்சீப்பை எடுத்துச் சந்தனத்தைத் துடைக்கப் போனேன். லேபே ஒரே குரலில் கத்தியது.

"அய்யய்யோ, தொடாத! பூஜ போட்டாச்சி இல்ல?"

தோழி என் கையைப் பிடித்து இழுத்து, "வச்சத எடுக்கக் கூடாதுடி. விஜயதசமி வரிக்கும் எங்க ஊட்ல புக்கையே தொட வுட மாட்டாங்க" என்றாள். வருஷமெல்லாம் பூட்டி வைத்திருக்கிற பொருள், வெளியே வருகிற ஒரே நாளில் அதைத் தொடக் கூடாதாம். எனக்கு வந்த கோபத்தில் சுண்டலைக்கூட வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

லீவு முடிந்து போய்ப் பார்த்தால் பீரோ பழையபடி பூட்டியிருந்தது.

"அன்னிக்கு மைக்ராஸ்கோப்பு வெளியதான இருந்துச்சி மிஸ்?"

"அது பூஜைக்கு" என்றார் மிஸ்.

விழுப்புரத்துக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டு போனோம். எழுத்துச் சுற்றை ஊதித் தள்ளினோம். இரண்டாவது சுற்றில் ஒருத்தி பார்த்துச் சொல்ல, இன்னொருத்தி எழுத வேண்டும். ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். கண்ணை லென்ஸில் வைத்து அழுத்தினேன்.

"என்னாடி தெரியுது?"

"குச்சி குச்சியா, கறுப்பா இருக்குதுடி. ஏய், ஆடுதுடி!"

பேசில்லஸ், நகரும் தன்மை உடையது என்று அவள் எழுதினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நடுவராக வந்திருந்த மேடம் தாளைப் படித்தார், குனிந்து லென்ஸைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"திரும்ப வைம்மா கண்ண. வச்சிக்கினே சிமிட்டு. இப்ப ஆடுதா?"

"ஆடுது மேடம்."

"அது உன் கண் இமை முடிம்மா."

அடுத்து நின்றிருந்த குழு சிரித்தது. தாளில் பெருக்கல் குறி போட்டுவிட்டு மேடம் "நெக்ஸ்ட்" என்றார். நான் எழுந்திருக்கவில்லை.

"மேடம், நான் இன்னும் கிருமியப் பாக்கவே இல்ல. மார்க்கு வேணாம். ஒரே ஒரு தடவ காட்டுங்க."

அவர் என்ன நினைத்தாரோ, பின்னால் நின்றவர்களை இருக்கச் சொன்னார். ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தி, திருகைத் திருப்பி, "அழுத்தாத. கொஞ்சம் தள்ளி வச்சிப் பாரு" என்றார். பார்த்தேன். வெள்ளை வெளிச்சத்தில் கேப்பையைச் சிந்தியதுபோல ஊதா ஊதாவாக, உருண்டை உருண்டையாக, கொத்துக் கொத்தாகக் கிடந்தன. என்ன பெயர், என்ன சாயம், எங்கே வாழும், என்ன நோய் தரும் எல்லாம் எனக்குத் தெரியும். எதையும் ஒப்பிக்காமல் எழுந்து தோழியை உட்கார வைத்தேன். அவள் எழுந்திருக்கவே மறுத்துவிட்டாள்.

மேடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க ஸ்கூல்ல மைக்ராஸ்கோப்பே இல்லியாம்மா?" என்று கேட்டார். ரொம்பப் பரிதாபப்பட்டுக் கேட்டார்.

"இருக்குது மேடம்" என்றோம் இரண்டு பேரும்.