குடைக்குள் விழுந்த ஊர்

ஆம்புலன்ஸ் ஓட்டுநரை ஒரு மாத விடுப்பில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பதினோரு வருடமாக வண்டி ஓட்டுகிறவர். கடைசியாக அவர் ஏற்றிப் போனது சொந்த அக்காவை. ஆஸ்பத்திரி வாசலைத் தொடுமுன் மூச்சு நின்றுவிட்டது. இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவி, சாவியை ஒப்படைத்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சாப்பிட்டார், தூங்கினார், கேட்டதற்குப் பதில் சொன்னார். அவ்வளவுதான்.

மனைவி தையல் ஆலைக்குக் கிளம்பும்போது, "பிள்ளைங்களை டிவி முன்னாடி உட்கார வச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏழு வயதுப் பெரியவளும் நாலு வயதுச் சின்னவளும் மொட்டை மாடியில் தொட்டி எலுமிச்சைக்குள் கையை விட்டுப் பூச்சி தேடிக்கொண்டிருந்தார்கள். முள் கிழித்த விரலைச் சின்னவள் கொண்டுவந்து நீட்டினாள். துடைத்துவிட்டார். பிறகு என்ன தோன்றியதோ, குடையை விரித்துச் செடிக்கடியில் மல்லாக்கப் பிடித்து, கிளையை நாலு உலுக்கு உலுக்கினார்.

பொலபொலவென்று விழுந்தன. எறும்பு, பச்சைப் புழு, பெயர் தெரியாத குட்டிக் குட்டி ஜீவன்கள்.

"அப்பா, ஒரு ஊரே இருக்குப்பா!" என்றாள் பெரியவள். கால்களை எண்ண ஆரம்பித்தாள். "இதுக்கு எட்டு."

"அப்ப அது சிலந்தி. பூச்சிக் கட்சியில சேராது. ஆறு காலுக்குத்தான் அங்க இடம்."

சின்னவள் ஒரு பொறிவண்டைத் தொட்டாள். அது காலை மடக்கிக்கொண்டு புரண்டு கிடந்தது. "செத்துப்போச்சு" என்றாள் மெதுவாக.

வண்டியில் உயிர் போனால் நேரம் குறிக்கும் பழக்கத்தில் அவர் கை கடிகாரத்தைத் திருப்பியது. பத்து நாற்பத்திரண்டு. "சாகலம்மா, நடிக்குது. தொடாம இருந்தா எழுந்துக்கும்."

மூவரும் குந்தியிருந்தார்கள். இரண்டு நிமிடம் கழித்து ஒரு கால் அசைந்தது. வண்டு நிமிர்ந்து, குடைக்கம்பி மேல் ஏறி, பறந்தது. பெரியவள் கைதட்டினாள்.

"அத்தையும் நடிச்சாங்களாப்பா?" என்று கேட்டாள் சின்னவள்.

"இல்லம்மா. அத்தை செத்துட்டாங்க."

வாய்விட்டு அதைச் சொன்னது அன்றுதான். ஏதாவது உடையும் என்று காத்திருந்தார். ஒன்றும் உடையவில்லை. வயர்லெஸ்ஸில் தகவல் சொல்வதுபோல அவர் குரல் அவருக்கே கேட்டது.

சின்னவள் தலையாட்டிக்கொண்டாள். "இன்னொரு தடவை உலுக்குங்கப்பா."

உலுக்கினார். விடுப்பு முடியும்வரை தினமும் உலுக்கினார். மனசு அப்படியேதான் இருந்தது. ஆனால் காலையில் எழுந்திருக்க ஒரு வேலை இருந்தது.

திங்கட்கிழமை பணிக்குத் திரும்பியபோது, "எப்படிண்ணே இருக்கீங்க?" என்று கேட்டாள் வண்டியில் கூட வரும் நர்ஸ்.

"இருக்கேம்மா" என்றார். வண்டியைக் கிளப்பினார்.